டாம்பர் முழு செட்டும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: நல்லூரில் ஒரு வீட்டில் இருந்து பழைய அப்ரைட் பியானோ ஒன்றை மகளுக்கு வாங்கினோம். விரலை எடுத்த பிறகும் சத்தம் இழுபட்டுக்கொண்டே போகிறது. கொழும்பில் இருந்து வந்து பார்த்தவர், டாம்பர் (விரலை எடுத்ததும் கம்பியை அமுக்கிச் சத்தத்தை நிறுத்தும், ஃபெல்ட் என்ற கம்பளித் துண்டு ஒட்டிய கட்டை) தேய்ந்துவிட்டது, முழு செட்டும் மாற்ற வேண்டும் என்கிறார். கேட்கும் தொகை பியானோ வாங்கிய காசில் பாதிக்கு மேல். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். பெடலைத் தொடாமல் ஒவ்வொரு கீயாக அடித்து விட்டுப் பாருங்கள். வலது ஓரத்தில் கடைசி இருபது கீ அளவில் சத்தம் நீண்டால் அது பழுதே இல்லை, அந்தக் குட்டைக் கம்பிகளுக்கு டாம்பர் வைப்பதில்லை (ஆகவே 88 டாம்பருக்கு விலை போட்டிருந்தால் அங்கேயே பிடியுங்கள்). எல்லாக் கீயும் ஒரே மாதிரி இழுத்தால் பெரும்பாலும் குற்றம் பெடலில்தான். கீழ்ப் பலகையைக் கழற்றிப் பாருங்கள், வலது பெடலின் நட் அதிகம் முறுக்குண்டு டாம்பர்களைக் கொஞ்சம் தூக்கியபடியே வைத்திருக்கும், தளர்த்தினால் சரி, செலவே இல்லை. ஒன்றிரண்டு கீ மட்டும் என்றால் டாம்பரைத் தாங்கும் கம்பி வளைந்தது, உடைந்த ஸ்பிரிங், அல்லது மாரியில் ஈரம் ஏறி இறுகிய மூட்டு. நம் ஊர் உப்புக்காற்றுக்கு ஸ்பிரிங் துருப்பிடிப்பது ஒன்றும் புதினம் இல்லை.

இதெல்லாம் இல்லை, டோர்ச் அடித்துப் பார்த்தால் ஃபெல்ட் கல்லாக இறுகிக் கம்பியின் தடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது, பூச்சியும் அரித்திருக்கிறது என்றால் அவர் சொல்வது நியாயம்தான், எல்லாம் ஒரே வயது ஃபெல்ட், பாதியை மட்டும் மாற்றி மிச்சம் பிடிப்பது வீண் வேலை.

ஒன்று கவனியுங்கள். டாம்பர்கள், கம்பியை அடிக்கும் சுத்தியல்களுக்கு மேலே இருந்து, முன்பக்கம் டாம்பரைத் தாங்கும் கம்பிகள் கூடு போல வரிசையாக நின்றால் அது பழைய ரகம், இங்கிலாந்தில் செய்த பழசுகளில் நிறைய உண்டு. புது ஃபெல்ட் போட்டாலும் அதில் சத்தம் சட்டென்று நிற்காது, நான் என்றால் அதில் பெரிய காசு போட மாட்டேன்.

மாற்றுவதென்றால் ஃபெல்ட், கூலி, பயணச் செலவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பேஸ் பக்கத்துக்கு (இடது, கனத்த சத்தம்) ஆப்பு வடிவ ஃபெல்டும் கீச்சுச் சத்தமுள்ள வலது பக்கத்துக்குத் தட்டையும் வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரே துண்டை வெட்டி ஒட்டுகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள். ஒட்டியதோடு வேலை முடியாது: பெடலை மிதித்தால் எல்லா டாம்பரும் ஒன்றாக எழ வேண்டும், விட்டால் ஒன்றாக விழ வேண்டும். அதை அவர் முன்னாலேயே பார்த்த பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள். அப்புறம், பக்கத்துத் தேவாலயத்திலோ பள்ளிக்கூடத்திலோ ட்யூன் பண்ண வேண்டிய பியானோ இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், இருந்தால் கொழும்புப் பயணச் செலவைப் பங்கு போடலாம்.