விழுந்த மரத்தைப் பாருங்கள்

ஐயா,

குலசேகரம் பக்கம் சின்ன ரப்பர் தோட்டம் வைத்திருப்பவன் நான். ஆகஸ்டில் சியாட்டிலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். அங்கே ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் இருக்கும் ஹோ மழைக்காட்டுக்குக் கூட்டிப்போவதாக மருமகன் சொல்கிறார். காரில் நாலு மணி நேரமாம். கோதையாறு, காளிகேசம் காடுகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அங்கே புதிதாக என்ன இருக்கப்போகிறது? மனைவிக்கு முட்டுவலி வேறு. போகலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகப் போங்கள். மரவகைகளை எண்ணினால் நம் காடுதான் பணக்காரக் காடு. அங்கே பெரும்பாலும் ஸ்ப்ரூஸ், ஹெம்லாக், மேப்பிள் என்று சில வகைகளே. ஆனால் 60, 70 மீட்டர் உயரத்துக்கு நிற்கும். மழை ஆண்டுக்குச் சுமார் 3,500 மி.மீ. அதில் பெரும்பங்கு குளிர்காலத்தில் கொட்டிவிடும். ஆகஸ்டில் ஒரு தூறல்கூட இல்லாமல் போகலாம், ஏமாந்துவிடாதீர்கள்.

அந்தக் குளிரில்தான் விஷயமே இருக்கிறது. கீரிப்பாறைப் பக்கம் ஒரு மரம் சாய்ந்தால் கறையானும் பூஞ்சையும் சேர்ந்து சீக்கிரமே தின்று தீர்த்துவிடும். ஹோவில் சாய்ந்த பெரிய மரம் மக்குவதற்கு நூறு வருடத்துக்கு மேலாகும். தரையெங்கும் பாசியும் பெரணியும் அடைத்துக் கிடப்பதால் ஹெம்லாக் விதை மண்ணில் பிழைப்பது கஷ்டம். விழுந்த மரத்தின் முதுகில் முளைத்து, இருபுறமும் வேரை இறக்கி மண்ணைப் பிடிக்கிறது. அடியில் கிடந்த மரம் மக்கிப் போனபிறகு, மேலே வளர்ந்தவையெல்லாம் கயிறு பிடித்து நட்டதுபோல ஒரே வரிசையில், வேர்க்கால்களை அகட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் வெறும் இடைவெளி. ரப்பர் கன்றுக்கு வரிசை பார்த்துக் குழியெடுக்கிறவர் நீங்கள். உங்கள் கண்ணுக்கு அது உடனே பட்டுவிடும். வருகிறவர்கள் எல்லாம் மேப்பிள் கிளையில் தொங்கும் பாசியைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். எடுக்கட்டும். நீங்கள் கீழே பாருங்கள்.

முட்டுவலிக்குப் பயப்பட வேண்டாம். 'ஹால் ஆஃப் மாஸஸ்' என்ற பாதை சுற்றிவர 1.3 கி.மீ.தான், ஆனால் ஆரம்பத்தில் சிறு ஏற்றம் உண்டு. ஸ்ப்ரூஸ் பாதை 1.9 கி.மீ., ஏறக்குறைய சமதரை. நானாக இருந்தால் மனைவியை இதில்தான் கூட்டிப்போவேன். ஹோ ஆற்றின் கரை வரை போகும். பனியாறு அரைத்துத் தள்ளும் பாறைமாவு கலந்து தண்ணீர் பால்கலங்கலாக ஓடும். ஆற்றோரமாகவே பனிமலையடி வரை போகும் நெடும்பாதையும் உண்டு. அதற்கு மருமகன் தனியாக ஒருமுறை போய்க்கொள்ளட்டும்.

கோடையில் வாசலில் கார்கள் வரிசைகட்டி நிற்கும். விடிகாலையிலேயே போய்ச் சேருங்கள். அட்டை கிடையாது, உப்பும் புகையிலையும் கட்ட வேண்டாம். அப்புறம், எல்க் மான். நம்ம மிளாவைவிடப் பெரிது, சாதுவாக மேய்வதுபோல இருக்கும். சுமார் 45 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது பூங்கா விதி. செல்ஃபி எடுக்க யாராவது கிளம்பினால் கையைப் பிடித்து இழுத்துவிடுங்கள்.