பத்து இரவுக்கு ஐந்து நகரம் வேண்டாம், மூன்று போதும்

வணக்கம் தம்பி. உங்கள் நிலாவெளி விடுதியில் சீசன் முடிந்து, ஒக்டோபரில் மனைவியோடு பத்து இரவுகளில் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பிராக், வெனிஸ், ரோம் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும், ஆனால் பெட்டி கட்டுவதிலேயே பாதி நாள் போய்விடும். பாரிஸ் 4, சுவிற்சர்லாந்தின் லுசேர்ன் 3, வெனிஸ் 3 இரவுகள் வையுங்கள். பாரிஸில் இறங்கி வெனிஸிலிருந்தே ஊர் திரும்பும்படி டிக்கெட் எடுங்கள். நடுவில் ரயில்தான்: பாரிஸிலிருந்து சுவிஸ் எல்லை நகரமான பாசல் சுமார் 3 மணித்தியாலம், அங்கே மாறினால் லுசேர்ன் இன்னும் ஒரு மணித்தியாலம். அப்புறம் 57 கிலோமீற்றர் கொத்தார்ட் ரயில் சுரங்கம் வழியாக இத்தாலியின் மிலான், அங்கிருந்து வெனிஸ்.

வெனிஸில் மட்டும் காசு பார்க்காதீர்கள். வெனிஸ் தீவுக்கு வெளியே, நிலப்பக்கம் உள்ள மெஸ்த்ரேயில் அறை மலிவுதான், ஆனால் பகல் கூட்டம் கலைந்த பிறகுதான் அந்தத் தீவு உங்கள் இருவருக்கும் கிடைக்கும். உள்ளேயே தங்குங்கள். கொண்டோலா என்கிற துடுப்புப் படகு கட்டுப்படியாகாவிட்டால், இரவில் 1ஆம் இலக்க வபொரெட்டோவில், அதாவது பஸ் போல ஓடும் பொதுப் படகில், பெரிய கால்வாய் முழுக்கப் போங்கள். என்னைக் கேட்டால் அதுதான் இன்னும் அழகு.

ஒக்டோபர் முதல் பாதியிலேயே கிளம்புங்கள். பிந்தினால் வெனிஸில் கடல்நீர் ஏறும் காலம் நெருங்கும்.

விசா: மூன்று நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும்; அதிக இரவுகள் பிரான்ஸில் என்பதால் பிரான்ஸுக்கே விண்ணப்பியுங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். கைரேகைக்கு இருவருமே கொழும்பு போகவேண்டியிருக்கும். விடுதியில் கூட்டம் கூடுமுன், மே மாதமே அதற்கு ஒரு நாள் ஒதுக்கிவிடுங்கள்.