மூட்டு வலிக்கும் தசை வலிக்கும் கத்தி வைக்காமல் தீர்வு உண்டா?

கேள்வி: "அம்மாவுக்கு 58 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம் என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. வலது தோளையும் தூக்க முடியவில்லை. ஆபரேஷன்தான் வழியா, அதற்கு முன்னால் வேறு ஏதாவது செய்து பார்க்கலாமா?"

பார்க்கலாம். பார்க்க வேண்டும் என்றே சொல்வேன். நான் பிசியோதெரபிஸ்ட். 19 வருடமாக முழங்காலும் தோளும் இடுப்பும்தான் என் நாட்கள். இந்தக் கேள்வியை அம்மாவுக்காகக் கேட்கும் பிள்ளைகளை வாரத்துக்கு இரண்டு பேரையாவது பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் காத்திருக்கக் கூடாத நிலைகள். மூட்டு திடீரென்று வீங்கிச் சூடாகி, கூடவே காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். கீழே விழுந்தபின் காலை ஊன்றவே முடியாவிட்டாலும் அப்படித்தான். முதுகு வலியோடு சிறுநீர் பிரியாமல் நின்றுபோனாலோ, மலம் அடங்காமல் போனாலோ, உட்காரும் இடத்தில் உணர்ச்சி மரத்துப்போனாலோ அது அவசரம், நடுராத்திரி ஆனாலும் போக வேண்டும். காரணமில்லாமல் எடை குறைவது, எப்படிப் படுத்தாலும் இரவில் அடங்காத வலி, பாதம் தொங்கிப்போவது, முழங்கால் பாதியில் சிக்கிக்கொண்டு நீட்டவே முடியாமல் போவது ஆகியவற்றுக்கும் வீட்டுப் பயிற்சி பதில் இல்லை. இன்னொன்றையும் அம்மாவிடம் கேளுங்கள். காலையில் எழுந்ததும் இருக்கும் விறைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது? தேய்மானத்தில் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இளகிவிடும். ஒரு மணி நேரம் தாண்டியும் இளகாமல், கைவிரல் மூட்டுகளும் வீங்கியிருந்தால் வாதநோய் மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதற்கு மருந்தே வேறு.

இவை எதுவும் இல்லையென்றால் நிதானமாகப் பேசலாம்.

நான் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரிப்பதற்கு முன்னால் "வலி எப்படி இருக்கிறது?" என்றுதான் கேட்பேன். வலிக்கு நம் மொழியில் எத்தனை சொற்கள்! "குடையுது" என்பவர் ஒரு இடத்தைக் காட்டுவார். "சுண்டி இழுக்குது, கரண்ட் அடிக்கிற மாதிரி கால் வரைக்கும் ஓடுது" என்றால் என் கவனம் நரம்புப் பக்கம் போகும். "பிடிச்சிருக்கு" என்றால் தசையைத் தொட்டுப் பார்ப்பேன். "எழுந்திருக்கும்போது கடுகடுங்குது, நாலு எட்டு வெச்சா விட்டுடும்" என்பது தேய்மான முழங்காலின் பேச்சு. அம்மா எந்தச் சொல்லைச் சொல்கிறார் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகும்போது அது ரிப்போர்ட் அளவுக்கு உதவும்.

இப்போது அந்த ரிப்போர்ட். அதில் இருப்பது பொய்யில்லை. ஆனால் படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமும் இல்லை. முதுகுத்தண்டை எடுத்துக்கொள்ளுங்கள். வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு, முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை மாதிரி இருக்கும் தட்டில் (டிஸ்க்) தேய்மானம் இருந்தது. 50 வயதில் அது 80 சதவீதம். அத்தனை பேரும் வலியில்லாமல் நடமாடுகிறவர்கள். முழங்காலிலும் இதே கதைதான். படத்தில் மோசமாகத் தெரியும் கால் வலியில்லாமல் படியேறுகிறது, படத்தில் நன்றாக இருக்கும் கால் நொண்டுகிறது.

"தேய்மானம்" என்ற சொல் மீது எனக்குப் பெரிய வருத்தம் உண்டு. அதைக் கேட்டதும் எல்லோரும் செருப்பைத்தான் நினைக்கிறார்கள். நடக்க நடக்கத் தேயும், அதனால் நடக்காமல் இருந்தால் மிச்சப்படும் என்று. மூட்டு அப்படி அமைந்ததல்ல. எலும்பின் முனையில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அது உணவு எடுத்துக்கொள்கிறது. காலை ஊன்றும்போது அமுங்குகிறது, எடுக்கும்போது விரிந்து உறிஞ்சுகிறது, ஸ்பாஞ்ச் மாதிரி. நடையை நிறுத்தினால் அந்த வரத்தும் குறையும். கூடவே தொடையின் முன்தசை மெலிந்து, அது தாங்க வேண்டிய பாரமும் மூட்டின் மேலேயே இறங்கும். வலிக்கிறது என்று உட்கார்ந்து, உட்கார்ந்ததால் மெலிந்து, மெலிந்ததால் இன்னும் வலித்து, ஆறு மாதத்தில் ஆளே மாறிப்போவதைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். அந்தச் சுழலை உடைப்பதுதான் சிகிச்சை.

"முழங்காலுக்குள் சின்னக் குழாய் விட்டுச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?" என்று அடுத்துக் கேட்பீர்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் புரூஸ் மோஸ்லி என்ற எலும்பு அறுவை மருத்துவர் இதைச் சோதித்தார். தேய்மானம் உள்ள 180 பேர். ஒரு பகுதியினருக்கு உள்ளே கழுவினார்கள், ஒரு பகுதியினருக்குச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள், மற்றவர்களுக்குத் தோலில் கீறித் தையல் மட்டும் போட்டார்கள். யாருக்கு என்ன நடந்தது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு வருடம் கழித்தும் மூன்று தரப்புக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. 2002-இல் வெளியான முடிவு அது. 2013-இல் பின்லாந்தில், "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்று வந்த நடுத்தர வயதினர் 146 பேரிடம் அதே முறையில் பார்த்தார்கள். வயதோடு வரும் ஜவ்வுக் கிழிசலை வெட்டிச் சரிசெய்ததும், செய்ததுபோல் காட்டியதும் ஒரு வருட முடிவில் ஒன்றாகவே இருந்தன. விளையாட்டில் அடிபட்டு ஜவ்வு கிழிந்த இளைஞர்களின் கதை வேறு, அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

சரி, என்ன செய்வது? இங்கே என் பழைய தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் நான்கைந்து வருடம் நான் மெஷினைத்தான் நம்பினேன். சூடு வைப்பேன், அல்ட்ராசவுண்ட் கொடுப்பேன், கரண்ட் கொடுப்பேன், கடைசி ஐந்து நிமிடம் இரண்டு பயிற்சி சொல்லி அனுப்புவேன். மாலையில் இதமாக இருக்கும், மறுவாரம் அதே வலியோடு வருவார்கள். மருந்தை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருந்த காகிதத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று பிறகுதான் உறைத்தது. இன்று என் சிகிச்சை நேரம் முழுவதும் பயிற்சிதான். ஒத்தடம் வேண்டுமானால் வீட்டிலேயே கொடுத்துக்கொள்ளலாம், தடையில்லை.

அம்மாவுக்கு இப்படித் தொடங்கலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்கார வேண்டும். முடியாவிட்டால் நாற்காலியின் மேல் ஒரு தலையணை வைத்து உயரத்தைக் கூட்டுங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை ஐந்து வினாடி அமுக்கி விட வேண்டும். ஒரு பக்கமாகப் படுத்து, மேலே இருக்கும் காலை நேராகத் தூக்கி இறக்க வேண்டும். இது இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்கு, பலரும் விட்டுவிடுவது இதைத்தான். பிறகு, தாழ்வான ஒரு படியில் ஏறி இறங்குவது. ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக மூன்று தடவை, வாரத்தில் மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. நடை மட்டும் தினமும், பத்து நிமிடத்தில் ஆரம்பித்தால் போதும்.

"வலித்தால் நிறுத்தவா?" என்று கேட்பார். அதுதான் மிக முக்கியமான கேள்வி. பூஜ்யத்திலிருந்து பத்து வரை வலிக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். பயிற்சியின்போது நான்கு வரை வந்தால் பயமில்லை. மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லையென்றால் அளவு கூடிவிட்டது. எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். பத்து தடவை சுலபமாகிவிட்டால் கடினமாக்க வேண்டும், இல்லையென்றால் தசை வளராது. மாத்திரைக்கு மில்லிகிராம் எப்படியோ, பயிற்சிக்கு இந்த அளவு அப்படி. குறைந்தால் வேலை செய்யாது, கூடினால் தொந்தரவு. இரண்டாவது வாரத்தில் "ஒண்ணும் தெரியலையே" என்பார். ஆறு வாரத்துக்கு முன்னால் தீர்ப்பு எழுதக் கூடாது, மூன்று மாதம் கொடுங்கள். டென்மார்க்கில் 2013-இல் தொடங்கிய கிளாட் என்ற திட்டம் இதைத்தான் ஊர் ஊராகச் செய்கிறது. ஆறு வாரத்தில் 12 பயிற்சி வகுப்புகள், கூடவே நோயைப் பற்றிய பாடம்.

பாரம் கொடுத்தால் நாண், அதாவது தசையை எலும்போடு கட்டிவைக்கும் கயிறு, அறுந்துவிடும் என்ற பயத்தையும் ஒருவர் போக்கியிருக்கிறார். சுவீடனின் எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனுக்கு குதிகாலுக்கு மேலுள்ள தடித்த நாணில் தீராத வலி. ஆபரேஷன் கேட்டார், மேலதிகாரி மறுத்துவிட்டார். அறுந்தால்தானே செய்வார்கள் என்று அந்த நாணுக்கு வேண்டுமென்றே கடும் பாரம் கொடுத்தார், அதுவோ குணமாகத் தொடங்கியது. 1998-இல் அதைப் பயிற்சி முறையாகவே வெளியிட்டார். படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்குவது, ஒரு நாளைக்கு 180 தடவை, 12 வாரம். ஓட்டப் பழக்கமுள்ள 15 பேர், எல்லோரும் மறுபடி ஓடினார்கள். உங்கள் அம்மாவுக்கு 180 வேண்டாம். கணக்காகக் கூட்டிய பாரம் நாணைக் கெடுக்காது, தேற்றும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எடை கூடுதலாக இருந்தால் அதையும் பேச வேண்டும், மனம் நோகாமல். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ பாரம் குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். ஐந்து கிலோ என்றால் அடிக்கு இருபது. கைத்தடி பிடித்தால் அதிகம் வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும், பாதிப் பேர் மாற்றிப் பிடிக்கிறார்கள். டைக்ளோஃபினாக் போன்ற வலி நிவாரண ஜெல்லை முழங்காலில் தடவுவது நல்ல முதல் படி. அதே மருந்தை மாத்திரையாகத் தினமும் விழுங்கினால் வயிறு, சிறுநீரகம், ரத்த அழுத்தம் மூன்றையும் யோசிக்க வேண்டும், மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். குளுக்கோசமைன் மாத்திரைக்கு நான் யாரையும் செலவழிக்கச் சொல்வதில்லை.

முழங்காலில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் சுகம் தரும், மறுக்கவில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒன்று என இரண்டு வருடம் போட்டுப் பார்த்த ஆய்வில், வெறும் உப்புநீர் ஊசியைவிட வலி குறையவில்லை, குருத்தெலும்புதான் கூடுதலாகக் கரைந்தது (2017, 140 பேர்). 2020-இல் ஊசியையும் பிசியோதெரபியையும் 156 பேரிடம் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது, ஒரு வருட முடிவில் பிசியோதெரபி பெற்றவர்களே நன்றாக இருந்தார்கள்.

தோளுக்கு வருகிறேன். அம்மா கையைத் தொங்கவிட்டு முழங்கையை 90 டிகிரி மடக்கட்டும். நீங்கள் மணிக்கட்டைப் பிடித்து முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்புங்கள். மறு கை திரும்பும் அளவுக்கு இந்தக் கை திரும்பாமல் கல்லாக நின்றால், அது உறைந்த தோளாக இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அதிகம் வருவது, சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். ஒன்று முதல் மூன்று வருடம் இழுக்கும், ஆனால் பெரும்பாலோருக்கு இளகும். அதிகம் வலிக்கும் ஆரம்ப மாதங்களில் ஒரு ஊசி இங்கே உதவக்கூடும், முழங்காலுக்குச் சொன்னதை இதற்குப் பொருத்த வேண்டாம். நீங்கள் தூக்கினால் கை மேலே போகிறது, அவராகத் தூக்கினால்தான் வலி என்றால் அது தோள் நாண். சுவரில் கையை வைத்து முப்பது வினாடி அமுக்குவது, மல்லாந்து படுத்து இரண்டு கையாலும் ஒரு குச்சியைப் பிடித்துத் தலைக்கு மேல் கொண்டுபோவது என்று ஆரம்பிக்கலாம். தோளின் மேல் எலும்பின் அடியைச் செதுக்கி நாணுக்கு இடம் பண்ணும் ஆபரேஷனை பிரிட்டனில் போலி ஆபரேஷனோடு ஒப்பிட்டு 2018-இல் வெளியிட்டார்கள். குறிப்பிடும்படி எந்த மேன்மையும் தெரியவில்லை. விழுந்த மறுநாளிலிருந்து கையே தூக்க வரவில்லை என்றால் மட்டும் தாமதிக்காமல் காட்டுங்கள், நாண் முழுதாக அறுந்திருக்கலாம்.

வெறும் தசைப் பிடிப்புக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. ஓரிரு நாள் வேலையைக் குறைத்து, இதமான சூடு கொடுத்து, அசைத்துக்கொண்டே இருந்தால் விட்டுவிடும். சுளுக்கு என்றால் பனிக்கட்டி வைத்து முழு ஓய்வு என்று நாம் படித்ததை, 1978-இல் அந்த வழக்கத்துக்குப் பெயர் கொடுத்த மருத்துவர் கேப் மிர்கினே பிற்காலத்தில் மாற்றிச் சொன்னார். பனி ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்றார்.

ஆபரேஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2015-இல் டென்மார்க்கில், மூட்டு மாற்றத்துக்குத் தகுதியான 100 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். மூட்டு மாற்றிக்கொண்டவர்களுக்கு வலி அதிகமாகக் குறைந்தது, அதுதான் உண்மை. கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களுக்கே அதிகம் வந்தன. ஆனால் பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து என்று போன 50 பேரில் 37 பேருக்கு அந்த ஒரு வருடத்தில் ஆபரேஷனே தேவைப்படவில்லை. அம்மா அந்த 37-இல் ஒருவரா என்று செய்து பார்த்தால்தான் தெரியும். மூன்று மாதம் முறையாகச் செய்தும் தூக்கம் கெடுகிறது, வீட்டுக்குள்ளேயே நடக்க முடியவில்லை என்றால் தயங்காமல் அறுவை மருத்துவரிடம் போங்கள். அதுவரை வலுவேற்றிய தசை ஆபரேஷனுக்குப் பிறகும் உடன் வரும்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொள்ளச் சொல்லி, முப்பது வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். ஒன்றோ இரண்டோதான் முடிந்தாலும் பரவாயில்லை, தேதியோடு எழுதி வையுங்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி எண்ணி, இரண்டு எண்களையும் இந்தப் பதிலின் கீழே எனக்கு எழுதுங்கள்.