அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய்: ஜீன் டெஸ்டுக்கு முன் மரபணு ஆலோசகரைப் பார்க்கணுமா?

நாகர்கோவிலில் இருக்கிறீர்கள், அம்மாவுக்குத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி.யில் (மண்டலப் புற்றுநோய் மையம்) சிகிச்சை நடக்கிறது. மகள்கள் இரண்டு பேரும் நேராக லேபில் ரத்தம் கொடுத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. பரம்பரை நோய் பற்றியும் டெஸ்ட் பற்றியும் விளக்கிச் சொல்லும் மரபணு ஆலோசகரை முன்பே பார்க்க வேண்டும். முதலில் ரத்தம் கொடுக்க வேண்டியது அம்மாதான். அவருக்கு எந்த மரபணுவில் கோளாறு என்று தெரியாமல் உங்களுக்கு மட்டும் 'நெகட்டிவ்' வந்தால், அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. அம்மாவிடம் பிஆர்சிஏ 1 அல்லது 2-இல் (கெட்டால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் மரபணுக்கள்) மாற்றம் தெரிந்துவிட்டால், உங்களுக்கு அந்த ஒரு இடத்தைப் பார்த்தாலே போதும்; செலவும் குறையும். ஒலாபரிப் என்ற புற்றுநோய் மாத்திரை அம்மாவுக்குப் பலன் தருமா என்பதைத் தீர்மானிக்கவும் அந்த ரிப்போர்ட் உதவும்.

ஆலோசகர் மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் போடுவார். நம் ஊரில் "பாட்டி வயித்துல கட்டி வந்து செத்துப்போனா" என்பதோடு கதை முடிந்துவிடும். அது சினைப்பையா, கர்ப்பப்பையா, குடலா? பழைய பயாப்ஸி தாளைத் தேடி எடுத்துப் போங்கள். அப்பா வழியையும் சொல்லுங்கள்; அந்த வழியாகவும் இது வரும். வளைகுடாவில் இருக்கும் மாமாவை வீடியோ காலில் சேர்த்துக்கொள்ளலாம். சொந்தத்தில் கல்யாணம் முடித்ததால் வந்ததோ என்று யாரும் குமைய வேண்டாம், பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும்.

மரபணுவில் ஒரு பெரிய பகுதியே காணாமல் போயிருக்கும் 'பெரிய நீக்கங்களையும்' லேபில் பார்ப்பார்களா என்று அவரிடம் கேளுங்கள். சில டெஸ்டுகளில் அது விடுபட்டுப்போகும்.

குழப்பம் அதிகம் வருவது 'முக்கியத்துவம் தெரியாத மாற்றம்' (நோய் தருமா தராதா என்று இன்னும் சொல்ல முடியாத மாற்றம்) என்று ரிப்போர்ட் வரும்போதுதான். உலகத் தரவுகளில் இந்தியர்களின் பங்கு குறைவு என்பதால் நமக்கு இது கூடுதலாகவே வருகிறது. இதை வைத்து யாரும் சினைப்பையை எடுக்கக் கூடாது, தயவுசெய்து! வீட்டில் மற்றவர்களுக்கும் இந்த மாற்றத்தைத் தேடி டெஸ்ட் எடுக்க வேண்டாம். பின்னாளில் இதன் வகைப்பாடு மாறலாம். அதனால் ஆலோசகரின் தொடர்பை விட்டுவிடாதீர்கள்.

நோய் தரும் மாற்றம் உறுதியானால், மகனோ மகளோ ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. அது இருக்கும் பெண்ணுக்கு 25 வயதிலிருந்து ஆண்டுதோறும் மார்பக எம்ஆர்ஐ. பிள்ளைப்பேறு முடிந்தபின் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுப்பதற்கு, பிஆர்சிஏ 1 என்றால் 35-40 வயது, பிஆர்சிஏ 2 என்றால் 40-45 வரை பொறுக்கலாம். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இப்போது டெஸ்ட் வேண்டாம்.

அடுத்த முறை ஆர்.சி.சி. போகும்போது, ஆலோசனைக்கு எழுதித் தரச் சொல்லி அம்மாவின் புற்றுநோய் மருத்துவரிடமே கேளுங்கள்.