கேலியால் குறைகளைக் குத்திக்காட்டும் அங்கதக் கதைகளில் விகாரம் எதற்கு?

அருவருப்பும் சிரிப்பும் சேர்ந்து வரும் அளவுக்கு ஒன்றைத் திரித்துக் காட்டுவதே விகாரச் சித்திரிப்பு. எவர்சில்வர் கரண்டியின் முதுகில் முகம் பார்த்தால் மூக்கு மட்டும் பெருத்துத் தெரியுமே, அதுபோல. பழகிப்போன அபத்தம் கண்ணில் படாது, திரித்தால்தான் உறைக்கும்.

ருஷ்ய எழுத்தாளர் கோகோலின் ‘மூக்கு’ (1836) கதையில் நாவிதர் காலை ரொட்டியை அறுக்கிறார், உள்ளே ஒரு மூக்கு. அதைப் பறிகொடுத்தவர் அன்றைய ருஷ்ய அரசின் 14 பதவிப் படிகளில் 8-ஆம் படி அதிகாரி. மூக்கோ அவரைவிட உயர்ந்த 5-ஆம் படிக்குரிய சீருடையில் வண்டியேறிப் போகிறது. சொந்த மூக்கிடமே அவர் பம்மிப் பேசுகிறார்! மரியாதை ஆளுக்கல்ல, சீருடைக்குத்தான் என்பதை இதைவிடக் கச்சிதமாகச் சொல்ல முடியாது.

கோரத்தைக் கூட்டினாலே அங்கதம் ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் இக்கதையில் வரும் நாளிதழ் விளம்பர அலுவலகம், காவலர் என மற்றதெல்லாம் நிஜம்போல இருப்பதால்தான் அந்த ஒற்றை மூக்கு குத்துகிறது.