ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டிய வாடகை கார்: நஷ்டம் யார் தலையில்?

கேள்வி: குடும்பத்தோடு வெளியூர் போக என் பெயரில் ஒரு கார் வாடகைக்கு எடுத்தேன். நாளொன்றுக்குத் தனியாகப் பணம் கட்டி ‘முழு கவரேஜ்’ வாங்கினேன். ஐந்து மணி நேரம் நானே ஓட்டிக் கண் சொருகியதால், மனைவியின் தம்பியிடம் வண்டியைக் கொடுத்தேன். 12 வருடமாக லைசென்ஸ் வைத்திருப்பவர். சிக்னலில் நின்ற காரின் பின்னால் இடித்துவிட்டார். முன்னால் இருந்தவருக்குக் கழுத்தில் அடி. எங்கள் காரில் ஏர்பேக் வெடித்து முன்பக்கம் நசுங்கிவிட்டது. கூடுதல் ஓட்டுநராக மச்சான் பெயரை நான் சேர்க்கவில்லை. ஆனால் கவுன்டரில் இருந்தவர் எங்கள் இருவர் லைசென்ஸையும் பார்த்தார், ‘எல்லாம் கவர் ஆகும்’ என்று வாயாலேயே சொன்னார். இப்போது டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டு முழுச் செலவையும் கேட்கிறார்கள். மச்சானோ ‘உங்க பேர்ல எடுத்த வண்டிதானே’ என்று ஒதுங்கிவிட்டார். போலீஸ் இன்னும் வாக்குமூலம் வாங்கவில்லை. கம்பெனிக்குத் தரவேண்டிய விபத்துப் படிவமும் என் கையில்தான் இருக்கிறது. ‘நான்தான் ஓட்டினேன்னு எழுதிடு, முடிஞ்சுது’ என்கிறார்கள் நண்பர்கள். எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். உங்கள் கடிதத்தில் சட்டப்படி எடை உள்ள விஷயம் ஒன்றே ஒன்றுதான்: இடித்த நொடியில் ஸ்டியரிங் பிடித்திருந்தவர் யார், அவர் பெயர் ஒப்பந்தத்தில் இருக்கிறதா. மச்சான் நன்றாக ஓட்டுவார் என்பதோ, உங்களுக்குக் களைப்பு என்பதோ, டெபாசிட்டைப் பிடித்தது அநியாயம் என்பதோ இந்தக் கேள்வியைத் தொடாது. கவுன்டரில் சொன்ன வார்த்தையும் அப்படித்தான். எழுதியது மட்டுமே செல்லும் என்று அநேகமாக எல்லா வாடகை ஒப்பந்தங்களிலும் ஒரு விதி இருக்கும், அதன் கீழ் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அந்த ஊழியர் அதையே மெசேஜிலோ மெயிலிலோ சொல்லியிருந்தால் பத்திரமாக வையுங்கள். பேரம் பேசும்போது உதவும்.

நீங்கள் வாங்கிய ‘முழு கவரேஜ்’ பெரும்பாலும் இன்ஷூரன்ஸே அல்ல. கார் சேதமானால் உங்களிடம் பணம் கேட்கமாட்டோம் என்று வாடகை கம்பெனி நிபந்தனையோடு கொடுக்கும் வாக்கு அது. அனுமதிக்கப்பட்டவர்கள் மட்டுமே ஓட்டவேண்டும் என்பதுதான் அந்த நிபந்தனைகளில் முதலாவது. அதை மீறியதும் வாக்கு போய்விடும், காருக்கு நேர்ந்த சேதம் முழுதும் உங்கள் பொறுப்பாகிவிடும். கிரெடிட் கார்டில் வரும் வாடகை கார் பாதுகாப்பை நம்பியிருந்தால், அதுவும் பொதுவாக ஒப்பந்தத்தில் பெயர் உள்ள ஓட்டுநருக்குத்தான்.

உங்கள் மனைவி ஓட்டியிருந்தால் சில இடங்களில் கதை வேறு. கலிஃபோர்னியா சட்டத்தில், லைசென்ஸும் குறைந்தபட்ச வயதும் இருந்தால், வாடகைக்கு எடுத்தவரின் கணவனோ மனைவியோ பெயர் சேர்க்காமலே அனுமதிக்கப்பட்ட ஓட்டுநர்தான். தொழில் நிமித்தம் கூட வரும் சக ஊழியரும் அந்தப் பட்டியலில் உண்டு. மச்சான் அதில் இல்லை.

அடிபட்டவர் விஷயம் தனி. காரின் சேதத்துக்கான பாதுகாப்பு வேறு, விபத்தில் அடிபட்ட வெளியாளுக்கு ஈடு கொடுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு வேறு. பாதிக்கப்பட்டவர் வெறுங்கையோடு போகக்கூடாது என்பதைப் பல நாட்டுச் சட்டங்கள் உறுதியாகப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் அது அவருக்கான பாதுகாப்பு, உங்களுக்கு அல்ல. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, பாலிசியில் வராத ஆள் ஓட்டியிருந்தாலும் அடிபட்டவருக்கு நீதிமன்றம் தீர்ப்பளித்த தொகையை இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டவேண்டும். கட்டிவிட்டு, ஓட்ட அனுமதித்தவரிடம் அதைத் திரும்ப வசூலிக்கலாம். காப்பீடு இல்லாதவரை ஓட்டவிடுவதே அங்கே தனிக் குற்றம். இந்தியாவில் பாலிசியின் ஓட்டுநர் விதி வழக்கமாகச் செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யாரையும் ஏற்கும், அதனால் அங்கே சண்டை பெரும்பாலும் லைசென்ஸைப் பற்றித்தான் நடக்கும். அதில் கோளாறு இருந்தால் ‘முதலில் கட்டு, பிறகு வசூல் செய்’ என்பதை உச்ச நீதிமன்றம் 2004இல் ஸ்வரன் சிங் வழக்கில் தெளிவாக்கியது. அமெரிக்காவில் 2005இல் வந்த கூட்டாட்சிச் சட்டத்துக்குப் பிறகு, உரிமையாளர் என்ற ஒரே காரணத்துக்காக வாடகை கம்பெனிமீது வழக்குப் போட முடியாது. வழக்கு ஓட்டியவர்மீதும், சில சமயம் வண்டியை அவரிடம் ஒப்படைத்தவர்மீதும் வரும்.

இனி உங்கள் நண்பர்களின் யோசனை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களைப் போன்றவர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் இதைச் செய்துமுடித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

என்னிடம் ஒருவர் வந்தார். உங்கள் நிலைமைதான். ‘வாகனத்தை ஓட்டியவர்’ என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தார். ஓட்டியது அவர் அண்ணன் மகன். மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இன்ஷூரன்ஸ் விசாரணை அதிகாரி ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலோடு வந்தார். அதில் டாக்டர் எழுதியிருந்தது ஒரே வரி: இடது தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே சீட் பெல்ட் தழும்பு. கார் வலதுபக்க ஸ்டியரிங். அந்தக் காரில் ஓட்டுபவருக்குப் பெல்ட் வலது தோளில்தான் பதியும். இடது தோளில் பதிந்தால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார் என்று அர்த்தம். வலி தாங்காமல் அவரே கேட்டு எடுத்துக்கொண்ட சிகிச்சை அது. என் மேசையில் அந்தச் சீட்டை வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அதுவரை அவருக்கு இருந்தது ஒரு கடன் மட்டும். தவணையில் கட்டியிருக்கலாம். அதன்பிறகு பொய் கிளெய்ம் என்ற குற்றச்சாட்டு வந்தது, சமரசப் பேச்சு நின்றது, பக்கத்தில் இருந்து ஆமோதித்த அண்ணன் மகனும் மாட்டிக்கொண்டான். காரின் பணமும் குறையவில்லை.

உங்கள் வழக்கில் ஏர்பேக் வெடித்திருக்கிறது. அதில் ஓட்டியவரின் தோலோ ரத்தமோ ஒட்டியிருக்கலாம். சீட் எவ்வளவு முன்னால் இழுக்கப்பட்டிருந்தது என்று பார்ப்பார்கள். சிக்னலில் கேமரா இருக்கலாம். இடிபட்டவர் இறங்கி வந்து யாரிடம் சண்டை போட்டார் என்பது அவருக்கு நன்றாக நினைவிருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், பெரிய தொகை கேட்டு நோட்டீஸ் வரும் நாளில் உங்கள் மச்சான் உங்கள் கதையைக் காப்பாற்றுவாரா? இப்போதே ஒதுங்கி நிற்கிறார்.

இதிலேயே இன்னொன்று. அவருக்கும் உங்களுக்கும் ஒரே வக்கீல் வேண்டாம். கவனக்குறைவாக ஓட்டியவர் அவர், ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள். நாளைக்கு ஒருவர் மற்றவரைக் கைகாட்ட வேண்டிவரும். அவருக்குச் சொந்தமாக கார் பாலிசி இருந்தால், வேறு காரை ஓட்டும்போதும் அது செல்லுமா என்று பார்த்து உடனே அந்தக் கம்பெனிக்குத் தகவல் கொடுக்கச் சொல்லுங்கள். சில நாடுகளில் செல்லும். தாமதமானால் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள். அவர்மீது வழக்குப் போட்டுப் பணத்தை வாங்க முடியுமா என்று கேட்டால், முடியும். ஆனால் நான் உங்கள் வக்கீலாக இருந்தால் அந்த வழக்கை எடுக்கமாட்டேன். உட்கார்ந்து பேசி ஒரு தொகைக்கு ஒப்புக்கொண்டு, எழுதி வாங்குங்கள்.

காரின் சேதத்துக்கு நீங்கள் பொறுப்பா என்பதில் சண்டை போடாதீர்கள், தோற்பீர்கள். எவ்வளவு என்பதில் போடுங்கள். அதில் நிறையக் குறைக்கலாம். மதிப்பீடு போதாது, ஒர்க்‌ஷாப் கொடுத்த உண்மையான பில்லைக் கேளுங்கள். வண்டியை எடுத்தபோது இருந்த பழைய கீறல்கள் அதில் சேர்ந்திருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். கார் நின்ற நாட்களுக்கு வாடகை இழப்பு என்று ஒரு தொகை போட்டிருப்பார்கள். அந்த நாட்களில் அதே ரக கார்கள் அவர்களிடம் சும்மா நின்றிருந்தால் இழப்பு எங்கே? பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். கார் இனி ஓடாது என்று முடிவுசெய்தால், பழைய இரும்புக்கு விற்ற விலையைக் கழித்திருக்க வேண்டும். நிர்வாகக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும், பேசினால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

தொகை ஒத்துவந்தாலும் கையெழுத்துக்கு அவசரப்படாதீர்கள். வாடகை கம்பெனி வேறு, அதற்கு இன்ஷூரன்ஸ் கொடுத்த கம்பெனி வேறு. முதலாவதோடு செட்டில் செய்து ரசீது வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தவருக்கு, கழுத்து அடிபட்டவருக்குக் கட்டிய தொகையைக் கேட்டு இரண்டாவதிடமிருந்து நோட்டீஸ் வருவதை நான் பார்த்திருக்கிறேன். இந்த விபத்து தொடர்பாகக் காப்பீட்டாளர் உட்பட இனி யாரும் உங்களிடம் வசூலிக்கமாட்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், அந்தப் பாக்கி இன்னும் இருக்கிறது என்று தெரிந்தே தொகையைக் குறைத்துப் பேசுங்கள். அதுவரை இடிபட்டவரிடம் தனியாகப் பேசிப் பணம் கொடுப்பதோ, தவறு எங்களுடையது என்று எழுதிக்கொடுப்பதோ கூடாது.

படிவத்தைக் கொடுக்கக் கெடு இருக்கும், ஒப்பந்தத்தில் பாருங்கள். ஓட்டியவர் கட்டத்தில் மச்சான் பெயரும் லைசென்ஸ் எண்ணும். எப்படி நடந்தது என்ற கட்டத்தில் இரண்டு வரி, அதற்குமேல் வேண்டாம். தேதி போட்டு, நகல் எடுத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். போலீசிலும் அதே இரண்டு வரிதான்.