"தண்ணீர் போயிருக்கிறது" என்று சொன்னால் வாரண்டி முடிந்துவிடுமா?

கேள்வி: மகளின் கல்லூரிப் படிப்புக்காகச் சென்னை ஷோரூம் ஒன்றில் ரூ.62,000-க்கு லேப்டாப் வாங்கினேன். பில் என் பெயரில். ஓராண்டு வாரண்டி. ஒன்பதாம் மாதத்தில் சார்ஜ் ஏறுவது நின்றுவிட்டது. சார்ஜர் சொருகியிருந்தால் ஓடுகிறது, பிடுங்கினால் உடனே அணைந்துவிடுகிறது. சர்வீஸ் சென்டரில், "உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, வாரண்டி கிடையாது, மதர்போர்டு மாற்ற ரூ.24,000" என்கிறார்கள். தண்ணீர் எதுவும் படவில்லை. கடைக்காரரோ கம்பெனியிடம் பேசச் சொல்கிறார். என்ன செய்வது? (வாசகர், திருச்சி)

பதில்: முதலில், அந்த 24,000 ரூபாயைக் கட்டாதீர்கள். பழைய போர்டு அவர்கள் கைக்குப் போய்விட்டால் உங்கள் சாட்சியமும் அதோடு போயிற்று. வெளி ரிப்பேர் கடையிலும் திறக்க விடாதீர்கள். "பிறர் கைவைத்துவிட்டார்கள்" என்பதுதான் கம்பெனிகளின் அடுத்த பதில்.

நீங்கள் சொல்லும் அறிகுறியே உங்களுக்குச் சாதகமானது. சார்ஜரில் லேப்டாப் ஓடுகிறது என்றால் மின்சாரம் போர்டுக்குப் போய்ச் சேருகிறது. எனவே கோளாறு பேட்டரியில் இருக்கலாம், போர்டில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பகுதியில் இருக்கலாம், சார்ஜரிலும் இருக்கலாம். உருண்டை முனை சார்ஜர் என்றால் சில கம்பெனிகளின் மாடல்களில் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அது வளைந்தாலோ ஒடிந்தாலோ லேப்டாப்புக்குத் தன் சார்ஜரை அடையாளம் தெரியாது. ஓடும், பேட்டரி ஏறாது. டைப்-சி என்றால் சார்ஜர் லேபிளைப் பாருங்கள்: 65 வாட் சார்ஜரில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றிருக்கும். செல்போன் சார்ஜரைச் சொருகிப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

அதே மாடலின் ஒரிஜினல் சார்ஜரை நண்பரிடம் வாங்கிச் சோதியுங்கள். 60 அல்லது 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி சில லேப்டாப்களில் உண்டு. உங்களுடையது பிடுங்கியதும் அணைவதால் அது காரணமாக இருக்காது. ஆனாலும் எதிர்த்தரப்பு கேட்கும், பார்த்துவிடுங்கள். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம் (மகளுக்கே தெரிந்திருக்கும்). பேட்டரியின் அசல் கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். சீரியல் எண், சார்ஜர் லேபிள், பிடுங்கியதும் அணைவது மூன்றும் தெரிய, வெட்டாத ஒரே வீடியோவாக எடுங்கள். பின்னால் வழக்கில் இதைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷிய அதினியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63-ஆவது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் இணைக்க வேண்டும்.

பிறகு சர்வீஸ் சென்டருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தண்ணீர் எந்த இடத்தில் பட்டிருக்கிறது, போர்டின் சீரியல் எண் தெரியும் புகைப்படம் எங்கே, டெக்னீஷியன் கையெழுத்திட்ட அறிக்கை எங்கே என்று கேளுங்கள். எண் தெரியாத படம் யாருடைய போர்டாகவும் இருக்கலாம். லேப்டாப்பைக் கொடுத்த அன்று அதன் நிலையைக் குறித்துத் தந்த ஜாப் ஷீட்டையும் (சர்வீஸ் ரசீது) எடுத்துப் பாருங்கள். அதில் ஈரக்கறை பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

வாரண்டி காலத்தில் பழுது என்று காட்டுவது உங்கள் வேலை. தண்ணீர் பட்டது என்ற விதிவிலக்கைச் சொல்லித் தப்பிக்க நினைத்தால், அதை நிரூபிப்பது அவர்கள் வேலை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 38-ஆவது பிரிவின்படி வழக்குப் போட்ட பிறகு பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி நுகர்வோர் ஆணையத்திடம் (நுகர்வோர் நீதிமன்றம்) கேட்கலாம். கட்டணம் முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். பில் உங்கள் பெயரில், பயன்படுத்துவது மகள் என்பது தடையே அல்ல. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோர்தான்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், ஆனால் கம்பெனிக்கு அனுப்புவார்கள். சில புகார்கள் அங்கேயே முடிகின்றன. முடியாவிட்டால் 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ். கடைக்காரர், சர்வீஸ் சென்டர், தயாரிப்பாளர் மூவருக்கும் அனுப்புங்கள். கடைக்காரரை விட்டுவிடாதீர்கள்: பணம் வாங்கியவர் அவர்தான்.

சென்னையில் வாங்கினாலும் நீங்கள் வசிக்கும் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் பதியலாம், வக்கீல் கட்டாயமில்லை. இலவசப் பழுதுநீக்கம், இல்லையேல் மாற்று லேப்டாப் அல்லது விலையைத் திருப்பித் தருதல், மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு என்று கேளுங்கள். இழப்பீட்டில் பத்து லட்சம் எழுதிவைப்பதால் பயன் ஏதுமில்லை.

நோட்டீஸ் போனதும், "வாருங்கள், இலவசமாகவே மாற்றித் தருகிறோம்" என்று அழைப்பு வரலாம். போங்கள். ஆனால் "முழுத் தீர்வு கிடைத்தது" என்ற தாளில் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். மாற்றிய பாகத்தின் சீரியல் எண்ணும் அதற்கான வாரண்டியும் எழுத்தில் வாங்கி, முழுச் சார்ஜ் ஏற்றி, பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.